தெல்தோட்டையிலிருந்து ஒரு விண்ணப்பம்

தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டி நோக்கி இறங்கும் பாதை, பேராதனைச் சர்வகலாசாலையின் நடுவே புகுந்து செல்கின்றது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய லொறியும், சந்தைக்கும் ஆசுபத்திரிக்கும் கோட்டுக்கும் போகின்ற தோட்டத்து மக்களைச் சுமந்த பஸ் வண்டியும், செனற் மண்டபத்தையும் மாணவர் விடுதிகளையும் கடந்துதான் பட்டினம் சேர வேண்டும். தூரத்தைக் கணக்கிட்டால் அது பெரிய பிரயாணமன்று. ஆனால் மலையில் ஒரு லயத்திற் பிறந்த பிள்ளை அவ்வண்டியிலிருந்து இடைவழியில் இறங்கி, சட்டத்திற் பட்டப்பின் படிப்புக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது? நாம் இங்கு அளக்க முற்படுவது அந்தத் தூரத்தையே.

விண்ணப்பப் படிவம் பார்வைக்குச் சாதுவான காகிதம். முழுப் பெயர், பிறந்த தேதி, அதற்குச் சான்றாகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கற்ற பாடசாலைகள், சட்டமாணிப் பட்டமும் அதிற் பெற்ற வகுப்பும், விண்ணப்பதாரரை நன்கறிந்த ஆசிரியர் இருவரின் சிபார்சு, ஆராய விரும்பும் பொருள்: இவ்வளவே கேட்கப்படுகின்றன. கொழும்பாயினும் இலண்டனாயினும் கேள்விகளின் வரிசை மாறுமேயன்றிக் கேள்விகள் பெரிதும் மாறுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இதனை ஒரு மாலைப்பொழுதில் நிரப்பிவிடும். மேசை இழுப்பறையைத் திறந்தால் எல்லாம் அங்கிருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கோ ஒவ்வொரு கேள்வியின் பின்னாலும் ஒரு கட்டளைச் சட்டம், ஒரு தீர்ப்பு, இரு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் மறைந்து நிற்கின்றது. சட்டம் படிக்க விண்ணப்பிக்கும் அப்பிள்ளை, படிவத்தின் முதற் பக்கத்தை நிரப்பு முன்னரே இலங்கைச் சட்ட சரித்திரத்திற் கணிசமான பகுதியைக் கடந்துவிடுகின்றது.

தெல்தோட்டை மலைகளுக்குச் சட்டம் எப்போது வந்தது? தேயிலைக்கு முன்னரே வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் பயிரிடப்படாத நிலத்தையும் முடிக்குரியன என்று கொண்டது. கண்டிச் சிங்களக் குடியானவனின் காடும் சேனையும் கோப்பித் துரைமாரின் கைக்கு மாறிய வழி இதுவே. அடுத்த ஆண்டிலேயே, 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. எஜமானிடம் வேலைக்கமர்ந்தவன் ஒப்பந்தத்தை மீறுவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நிலத்தைப் பறிக்க ஒரு சட்டம். அந்நிலத்தில் உழைப்போனைப் பிடித்துவைக்க ஒரு சட்டம். ஓராண்டு இடைவெளியில் இவ்விரண்டும் வந்தமை தற்செயல் என்று எண்ணுவோர் எண்ணட்டும்.

1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர், தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். அந்த 19 ஏக்கரிலும் குழி வெட்டியவர்களுள் ஒருவரின் பெயரையேனும் நாம் படித்த பாடப்புத்தகங்கள் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ்க் குழி வெட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஈராண்டுகளுக்கு முன் வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அது. வேலையைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலிட அச்சட்டம் இடமளித்தது. கடன் கொடுத்தவன் கடனாளி மேல் சிவில் வழக்குப் போடலாம். வியாபாரி ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்கலாம். தோட்டத்துக் கூலி மீறினால் மட்டும் விலங்கு. இந்த வித்தியாசத்தைச் சட்ட மாணவர்கள் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும்.

இலங்கைச் சட்டத்தின் வரலாற்றைப் படிப்போர் முதலிற் கற்பது, இந்நாட்டிற் பல சட்டங்கள் அருகருகே வாழ்கின்றன என்பதாகும். யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை, கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம், பொதுவாக எல்லோருக்கும் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற றோமன்-டச்சுச் சட்டம். பேராசிரியர் த. நடராசா 1972இல் வெளியிட்ட, இலங்கைச் சட்ட முறையை அதன் வரலாற்றுப் பின்னணியில் ஆராயும் நூல் இத்துறையிற் பெருநூல். தேசவழமையும் கண்டியச் சட்டமும் எவற்றைப் பற்றிப் பேசுகின்றன? முதுசொம், சீதனம், பாகப்பிரிவினை, விவாகம் ஆகியவற்றை. அதாவது, கைவசம் ஏதோ உள்ளவர் அதனை எவ்வாறு பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது என்பதை. தோட்டத்து மக்களுக்கென்றும் ஒரு தனிச் சட்டத்தொகுதி இருந்தது. அதில் முதுசொம் இல்லை, சீதனம் இல்லை. பிரட்டு, சம்பளம், கடன், ஓட்டம், சிறை ஆகியனவே அதன் அத்தியாயங்கள்.

அம்மக்கள் கைக்கு வந்த முதற் பத்திரமும் அதற்கேற்றதாகவே இருந்தது. அதற்குப் பெயர் ‘துண்டு’. இன்ன தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதனைத் தீர்த்தால் வேறு தோட்டம் போகலாம் என்று எழுதித் தரும் காகிதம். துண்டு இல்லாதவனை வேறு துரை எடுக்கமாட்டார். கடனோ கங்காணியின் கணக்கில் வளர்வது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வருவோருக்குத் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டு ஒன்றும் வழங்கப்பட்டது. அதனைக் கழுத்திற் கட்டிக்கொண்டு மன்னார்க் கரையிலிருந்து மலைக்கு வந்து சேர்ந்தார்கள். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. தோட்டத்தைவிட்டு வெளியேற்றும் பற்றுச்சீட்டு அதன் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது. பெயரும் இலக்கமும் கொண்ட பத்திரம் என்றால் பிறருக்கு அது உரிமையின் அடையாளம். தோட்டத்தில் அது பிடியின் அடையாளமாயிருந்தது. இதனை மனத்திற் கொண்டாலன்றி, பின்னர் 1949இல் அரசாங்கம் ஒரு படிவத்தை நீட்டியபோது மக்கள் ஏன் தயங்கினர் என்பது விளங்காது.

சட்டத்தை எதிர்த்து நிற்கவும் சட்டத்தாலேயே இயலும் என்பதைக் கண்டிச் சீமை கண்டது 1937இல். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்திற் தொழில் பழக வந்த பிறேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து சமசமாஜக் கட்சி மேடையில் ஏறினார். தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். எச். வி. பெரேரா அவருக்காக வாதாட, உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்று அவரை விடுவித்தது. துரைமாருலகம் திகைத்தது. எனினும் பிறேஸ்கேர்டில் வெள்ளையர். அவருக்காக நாட்டின் தலைசிறந்த நியாயவாதி எழுந்து நின்றார் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாண்டுகளின் பின் தெல்தோட்டைக்கு அயலிலேயே, ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தம் மூண்டது. 1940 ஜனவரி 10ஆம் தேதி பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்நீத்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக அவ்வாணைக்குழுவின் முன் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. முல்லோயாவையொட்டி எழுந்த தகராறு வளர்ந்து, மந்திரிமார் சபையே இராஜினாமாச் செய்யும் அளவுக்குச் சென்றது. அவ்வாண்டு நடுப்பகுதியில் தோட்டச் சொந்தக்காரர் சங்கம் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ளவும் நேர்ந்தது. கோவிந்தனின் இரத்தம் வீண்போகவில்லை என்று மேடைகளிற் கூறுவது வழக்கம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. தோட்டத்துக்காக வாதிக்கும் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வந்தார். அவர் வந்தது பெருமைக்குரியது. வரவேண்டியிருந்தது என்பது சிந்தனைக்குரியது. தோட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து வாதாட, அப்போது எழுத்தறிவே எட்டாத தொலைவிலிருந்தது.

இவ்வேளையிற்றான் பேராதனையிற் சர்வகலாசாலைக்கான அடித்தளம் இடப்பட்டது. 1942இல் உருவான இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் ஒரு சட்ட மேதை. ஆங்கில அரசியற் சட்டம் பற்றி அவர் 1930களில் எழுதிய நூல்கள் பிரித்தானிய சாம்ராச்சியமெங்கும் மாணவர் கையிலிருந்தன. அவரே டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு வரைவதிற் துணைநின்றார். அவ்வரைவு சோல்பரி அரசியலமைப்பாக மலர்ந்தது. அதன் 29ஆம் பிரிவு, எந்தச் சமூகத்தவருக்கும் ஏனைய சமூகத்தவருக்கில்லாத தகுதியீனத்தை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1947இற் சர்வகலாசாலையிற் சட்டத்துறை தொடங்கப்பட்டது. பேராதனைக்கு முதலிற் குடிபெயர்ந்த துறைகளுள் அதுவும் ஒன்று. ஆக, 1950ஐ அண்டிய ஆண்டுகளில், கலஹா வீதியின் கீழ்முனையில் அரசியற் சட்டத்தின் ஆசானும் சட்டத்துறையும் குடியிருந்தன. அதே வீதியின் மேல்முனையில் மக்கள் சட்டத்தால் நாடற்றவராகிக்கொண்டிருந்தனர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் சூட்சுமம் எளியது. இந்நாட்டிற் பிறந்தமை போதாது. தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவு இந்நாட்டிற் கட்டாயமானதே 1897இல். லயத்திற் பிறந்த தந்தையின் பிறப்புக்கு எவரிடம் போய்ச் சாட்சி கேட்பது? 1947 தேர்தலில் மலையகத்தில் ஏழு ஆசனங்களை வென்றிருந்த இலங்கை இந்தியன் காங்கிரசும், இடதுசாரிக் கட்சிகளும் இச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. அடுத்த ஆண்டு வந்தது 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். இது, ‘நீங்கள் விண்ணப்பிக்கலாம்’ என்றது.

தோட்டத்து மக்களின் சரித்திரத்தில் முதலாவது பெரு விண்ணப்பம் இதுவே. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், விவாகமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வதிந்தமையைக் காட்டவேண்டும். தாயின் சாவுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊர் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் ‘இடைவிடாமை’ அறுந்துபோகும். வருமானம் காட்டவேண்டும். காங்கிரஸ் முதலில் இதனைப் பகிஷ்கரித்தது. பின்னர் காலக்கெடு நெருங்கவே விண்ணப்பிக்கும்படி கூறியது. கெடு 1951 ஆகஸ்ட் 5. கடைசி மாதங்களில் தோட்டந்தோட்டமாக எழுதத் தெரிந்தவர்கள் படிவங்களை நிரப்பினார்கள். கணக்கப்பிள்ளையின் மகன், தோட்டப் பாடசாலை வாத்தியார், சங்கக் காரியாலயப் பையன்: இவர்களே அன்றைய ‘சட்டத்தரணிகள்’. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஈற்றிற் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். மற்றையோரின் படிவங்கள் என்ன குற்றத்துக்காகத் திரும்பின? கையெழுத்து, தேதி, எழுத்துப் பிழை, வராத சாட்சி. பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல ஒரு ஜனசமுதாயத்தைத் திருத்தினார்கள்.

வழக்கும் நடந்தது. கேகாலை மாவட்டத்து றுவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிற் தம் பெயரைச் சேர்க்கக் கோடகன்பிள்ளை என்பவர் கோரினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம், பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் திருத்தச் சட்டமும் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை என்று தீர்மானித்தார். ஒரு கீழ்நிலை அதிகாரி பாராளுமன்றத்தின் சட்டத்தைச் செல்லாதென்று கூறத் துணிந்த அந்த ஒரு கணத்துக்காக அவர் பெயரை நாம் நினைவிலிருத்த வேண்டும். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இரத்துச் செய்தது. சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டவில்லையே என்றது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவ்வாறே முடிவுசெய்தது. நேர்வழியிற் செய்யலாகாததைச் சுற்றுவழியிலும் செய்யலாகாது என்பதை அது கொள்கையளவில் ஏற்றது. ஆயினும் கல்வி, சொத்து, பிறப்பு, வதிவு போன்ற அளவுகோல்களை வைப்பது பிரசாவுரிமை பற்றிய இயல்பான சட்டவாக்கமே என்றது. அவ்வளவுகோல்களின் மறுபுறத்தில் யார் நிற்கிறார்கள் என்பது கனவான்களுக்குத் தெரியாததன்று.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கு நீக்ரோ மக்களின் போராட்டம் சட்டக் கலாசாலை விண்ணப்பத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டது. 1938இல் லொயிட் கெயின்ஸ் என்பவர் மிசூரிச் சர்வகலாசாலைச் சட்டக் கலாசாலைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட வழக்கில், மாணவனை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று கூறலாகாது எனத் தீர்ப்பாயிற்று. 1948இல் ஒக்லஹோமாவில் ஏடா லொயிஸ் சிபியூவல் என்ற பெண்மணி வென்றார். 1950இல் டெக்சாஸ் வழக்கு: ஹீமன் சுவெற் என்ற தபாற்காரர் விண்ணப்பித்தார். மாநில அரசு அவருக்கென்று அவசர அவசரமாகத் தனிச் சட்டக் கலாசாலை ஒன்றைத் திறந்தது. தர்குட் மார்ஷல் வாதாடினார். நீதிமன்றம் சொன்னது கவனிக்கத்தக்கது: சட்டக் கலாசாலையின் தரத்தைக் கட்டடத்தையும் புத்தகத் தொகையையும் கொண்டு மட்டும் அளக்கலாகாது, ஆசிரியரின் புகழ், பழைய மாணவரின் செல்வாக்கு, மரபு முதலிய அளக்க முடியாதவையும் உண்டு, தனியே ஒதுக்கப்பட்டவன் அவற்றை இழக்கிறான். இத்தீர்ப்பின் மேலேறியே 1954இல் பாடசாலைகளில் நிறப்பிரிவினை செல்லாதென்ற தீர்ப்பு வந்தது.

சட்டத்தின் நேர் வாசகத்தைத் தாண்டி அதன் விளைவைப் பார்த்தது வாஷிங்டன் நீதிமன்றம். வாசகத்தோடு நின்றது கொழும்பு. அமெரிக்க நீதிபதிகள் நம்மவரைவிட நல்லவர் என்பதாலா? அப்படி நாம் கருதவில்லை. அங்கு விண்ணப்பதாரர், வழக்கறிஞர், சங்கம் மூவரும் ஒரே சமூகத்திலிருந்து எழுந்தனர். ஹவார்ட் சர்வகலாசாலையின் சட்டக் கலாசாலை பல்லாண்டாக அத்தகையோரைப் பயிற்றி வைத்திருந்தது. அவ்வழக்குகள் ஒவ்வொன்றும் திட்டமிட்டு, படிப்படியாகத் தொடுக்கப்பட்டன. இங்கோ தோட்டத்து மக்களுக்குத் தொகை இருந்தது, சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் செய்யும் நெஞ்சுரமும் இருந்தது. சட்ட அறிவாளர் ஒரு பரம்பரை இருக்கவில்லை.

1953க்குப் பின்னர் நடந்தவை தெரிந்த கதை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டன. மீண்டும் விண்ணப்பம், மீண்டும் படிவம். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களோடு நாடற்ற நிலை ஒருவாறு முடிவுக்கு வந்தது. 1948இற் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டு.

இடையில் 1972 வந்தது. அவ்வாண்டின் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசியலமைப்பு விவகார மந்திரியாகவும் பெருந்தோட்டத் தொழில் மந்திரியாகவும் அப்போது இருந்தவர், முல்லோயாவில் கோவிந்தனின் மனைவிக்காக நின்ற அதே கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரி இயக்கத்தின் நண்பர்கள் இதனைப் பேசத் தயங்குகின்றனர். நாம் தயங்கவேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்து வாதிப்பவர் எவ்வளவு பெரியவராயினும், அவருக்கு வேறு கட்சிக்காரரும் உண்டு. காலம் மாறும்போது கட்சிக்காரரின் வரிசையும் மாறும்.

இனிப் படிவத்தின் அடுத்த கேள்விக்கு வருவோம்: கற்ற பாடசாலைகள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை வாசலைத் திறந்தது. இந்நாட்டு ஏழைகளுக்குக் கிடைத்த பெருஞ் செல்வம் அது. அதன் பயனை அனுபவித்தவர்களே இவ்வேட்டை வாசிக்கும் ஆசிரியர்களுட் பலர். ஆனால் தோட்டப் பாடசாலை துரையின் அதிகாரத்திலேயே தொடர்ந்தது: ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. கொழுந்து எடுக்கத் தக்க விரல் வளர்ந்ததும் படிப்பு நிறைந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்திடம் வந்தன. ஆக இலவசக் கல்வி கலஹா வீதியின் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு ஏறிச்செல்ல முப்பதாண்டு எடுத்தது.

தெல்தோட்டைக்கு இன்னுமொரு வில்லங்கம் உண்டு. சர்வகலாசாலை அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, கல்வியிற் பின்தங்கியவை என்று சில மாவட்டங்கள் தனிச் சலுகை பெற்றன. நுவரெலியா அதில் உண்டு, பதுளை உண்டு. கண்டி இல்லை. எப்படி இருக்கும்? கண்டி நகரில் நூறாண்டு தாண்டிய கல்லூரிகள் இருக்கின்றனவே! ஆதலால் தெல்தோட்டை லயத்துப் பிள்ளை, சட்டமாணி வகுப்பில் ஓரிடத்துக்கு, நகரத்துப் பெருங்கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரே மாவட்டத்தின் பெயரிற் போட்டியிட வேண்டும். தெல்தோட்டை கல்வி மணமறியாத ஊரன்று. அயலிலுள்ள போப்பிட்டியிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தமிழுலகம் அறியும். ஊர் ஒன்று, அதனுள் வாய்ப்பு வேறு வேறு. மாவட்டம் என்ற கோடு இதனைக் காட்டாது.

சட்டத்துறையும் காத்திருக்கவில்லை. 1960களின் நடுப்பகுதியில் அது பேராதனையைவிட்டுக் கொழும்புக்கு மீண்டது. அங்கு தனிப்பீடமாக வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பிரசாவுரிமை இல்லாத காலமெல்லாம் வீட்டுவாசலிலிருந்த சட்டத்துறை, உரிமை வரத் தொடங்கியபோது மலையைவிட்டுப் போயிருந்தது. பின்னாளிற் பேராதனைக் கலைப்பீடத்திலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறைகள் தோன்றின; திறந்த பல்கலைக்கழகம் தொழில் செய்துகொண்டே சட்டமாணிப் பட்டம் பெற வழி செய்தது. மலையகத்து முதற் தலைமுறைப் பட்டதாரிகள் பெரும்பாலும் ஆசிரியத் தொழிலையே நாடினர். அதில் வியப்பில்லை. அவர்கள் கண்ணாற் கண்ட ஒரே படித்த தொழிலாளி வாத்தியாரே. சட்டத்தரணியைக் கண்டவர்கள் கோட்டிற் கண்டார்கள். அதுவும் பெரும்பாலும் எதிர்க்கட்சியில்.

மொழி இன்னொரு மலை. இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகள் 2023 மார்ச் மாதம் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டன. ஆனால் பட்டப்பின் படிப்பு என்று வரும்போது நூலும் தீர்ப்பும் விரிவுரையும் ஆங்கிலமே. தமிழ்வழியில் பத்தாம் வகுப்புவரை ஆங்கில வாத்தியாரையே காணாத பிள்ளை, தன் ஆராய்ச்சிப் பொருளை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்தில் எழுதவேண்டும். ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்கும் யோசனை நமக்கில்லை. தோட்டப் பாடசாலைக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆளனுப்பாதவர்கள், பின்னர் ஆங்கிலத்தைத் தகுதியின் அளவுகோலாக வைப்பதையே கண்டிக்கிறோம். பிரிவி கவுன்சில் 1953இற் சொன்ன ‘கல்வி’ என்ற அளவுகோல் இப்படித்தான் வேலை செய்கின்றது.

சட்ட முதுமாணிப் பட்டம் எதற்கு, கோட்டில் வாதாட அது தேவையில்லையே என்று சிலர் கேட்பர். உண்மை, தேவையில்லை. முன்னாட்களில் இலண்டனுக்குச் சென்றோ எழுதியனுப்பியோ சட்டத்தில் உயர்பட்டம் பெற்றவர்கள் அதனைக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். எச். டபிள்யு. தம்பையா யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்காறுகளையும் நூலாக்கினார். 1952இல் ஜெனிங்சோடு சேர்ந்து இலங்கையின் சட்ட வளர்ச்சி பற்றியும் எழுதினார். சி. ஜி. வீரமந்திரி ஒப்பந்தச் சட்டத்துக்குப் பெருநூல் செய்து, பின்னர் 1991இற் சர்வதேச நீதிமன்றத்தில் அமர்ந்தார். வழக்கறிஞர் ஒரு கட்சிக்காரரைக் காப்பார். இத்தகையோரின் நூல்களோ நீதிபதியின் மேசையில் ஐம்பதாண்டு கிடக்கும். தேசவழமை பற்றி வழக்கெழுந்தால் எந்த நூலைப் பிரிப்பது என்று நீதிபதிக்குத் தெரியும். லயத்து அறையிற் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு அவ்வறையில் என்ன உரிமை என்று வழக்கெழுந்தால் எந்த நூலைப் பிரிப்பது?

ஆகவே படிவத்தின் கடைசிக் கேள்வி, ‘ஆராய விரும்பும் பொருள்’, தெல்தோட்டைப் பிள்ளைக்கு இடர் தரவேண்டியதில்லை. பிறர் தேடிப்போகும் பொருள் அதன் வீட்டிலேயே கிடக்கின்றது. 1865இன் சட்டத்தின் கீழ் மலைநாட்டு நீதவான்கள் எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பினர், துரை குற்றவாளியாக நின்ற வழக்கு ஏதேனும் உண்டா? 1951இன் படிவங்கள் என்னென்ன காரணங்களுக்காக நிராகரிக்கப்பட்டன. ஒரே காரணம் ஒரு தோட்டத்தில் ஏற்கப்பட்டு மறு தோட்டத்தில் மறுக்கப்பட்டதா? தோட்டத்து வீட்டுக்குத் தனி முகவரி இன்றி, கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்துசேர்ந்த நிலை, நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பைப் பிந்திப் பெற்றவனின் சம உரிமையை எவ்வாறு பாதிக்கின்றது? இவை கற்பனைப் பொருள்களல்ல. இவற்றின் ஆவணங்கள் கச்சேரிகளிலும் சுவடிக்கூடத்திலும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களிலும் இருக்கின்றன. கறையானுக்கு முன்னர் யார் அவற்றை அடைவது என்பதே கேள்வி.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். விண்ணப்பத்தின் முதல் வரி பெயர். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த வரியே சங்கடம். தமிழறியாத பதிவுகாரர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாக எழுதினார். பாடசாலை இடாப்பில் வாத்தியார் வேறு விதமாக எழுதினார். அடையாள அட்டையில் மூன்றாவது விதமாக அச்சாயிற்று. தந்தையின் பெயரோ செக்ரோலிற் சுருக்கமாக இருக்கும். பெயர் மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்து இணைக்க நேரலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும்போதே ஆசிரியர் பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத் திருத்திவிட்டால், பத்தாண்டு கழித்துப் பட்டப்பின் படிப்புக்கு எழுதும் பிள்ளைக்கு ஒரு கடதாசி குறையும்.